யோகட் வேறு, தயிர் வேறு

இலங்கையில் வளர்ந்த தமிழருக்கு யோகட் ஒரு பண்டம், தயிர் இன்னொரு பண்டம். யோகட் என்றால் உள்ளங்கைக்குள் அடங்கும் 80 கிராம் கோப்பை. இனிக்கும். சின்னத் தட்டைக் கரண்டியால் வழித்தால் ஐந்தாறு வாயில் முடிந்துவிடும். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, ஆஸ்பத்திரியில் நோயாளி பார்க்கப் போவது, நீண்ட பஸ் பயணத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தும் கடை என்று அதற்கென்று சில இடங்கள் இருந்தன. ஹைலண்ட் கோப்பையின் மூடியை நக்காத பிள்ளை எங்கள் தலைமுறையில் இருந்திருக்க முடியாது. தயிர் என்றால் சட்டி. மட்டக்களப்புப் பக்கத்திலிருந்தோ திஸ்ஸமகாராமைப் பக்கத்திலிருந்தோ வரும் எருமைத் தயிர்ச் சட்டி; அல்லது வீட்டில் பசுப்பாலில் உறைய வைத்தது. அது சோற்றுக்கு. மிஞ்சினால் மோருக்கு. கித்துள் பாணி விட்டுச் சாப்பிட்டாலும் அது தயிர்தான், யோகட் ஆகிவிடாது.

தமிழ்நாட்டிலிருந்து வந்த நண்பர்களுக்கு இந்தப் பாகுபாடு விளங்குவதில்லை. அவர்களுக்கு யோகட் என்பது தயிரின் ஆங்கிலப் பெயர், அவ்வளவுதான். ஆனால் பெயர் விஷயத்தில் அவர்களும் சும்மா இருக்கிறவர்கள் அல்ல. 2023 மார்ச்சில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தயிர்ப் பைகளில் 'தஹி' என்ற சொல்லை அச்சிடும்படி சொன்னபோது தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பில், அந்த மாதம் முடிவதற்குள் ஆணையம் இறங்கி வந்து 'தயிர்' என்றே போட்டுக்கொள்ள இடம் கொடுத்தது.

கனடாவில் இரண்டும் ஒரே அலுமாரியில் இருக்கின்றன. பிக்கரிங்கில் கிங்ஸ்டன் வீதியிலுள்ள பெரிய கடையொன்றில் அந்தக் குளிர் அலுமாரியின் நீளத்தைக் காலடியால் அளந்தேன்: பதினெட்டு அடி. கிரேக்க யோகட், கிரேக்கப் பாணி யோகட், ஐஸ்லாந்தின் ஸ்கைர், பால்கன் பாணி, தேங்காய்ப்பாலில் செய்தது, குழந்தைகளுக்கு உறிஞ்சு பையில் வருவது, ஒரு மூலையில் 'தஹி'. சொந்தத் தேவையென்றால் ஏதாவதொன்றை எடுத்துக்கொண்டு வந்திருப்பேன். தேவை அம்மாவுடையது.

அம்மாவுக்கு 77 வயது. அப்பா போன பிறகு மச்சம் மாமிசத்தை விட்டுவிட்டார். முட்டையும் இல்லை. இருபது வருட நீரிழிவு. போன வருடத்துக்குள் ஏழு கிலோ குறைந்து 48இல் நிற்கிறார். கதிரையிலிருந்து எழும்பும்போது இரண்டு கையையும் ஊன்றுகிறார். பகலில் பருப்பும் கீரையும் ஏதோ கொஞ்சம் உள்ளே போகும். இரவில் தயிரும் சோறும் மட்டும்தான். வேறெதையும் வைத்தால் தள்ளிவிடுவார். குடும்ப மருத்துவர் அனுப்பிய உணவு ஆலோசகர் ஒரு கேள்விதான் கேட்டார்: "இரவில் சாப்பிடும் அந்தத் தயிரில் என்ன இருக்கிறது?" வயோதிபரின் தசை கரையாமலிருக்க உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை என்பது 2013இல் வெளிவந்த புரோட்-ஏஜ் நிபுணர் குழுவின் பரிந்துரை. அம்மாவின் கணக்குக்கு நாளொன்றுக்கு 50 கிராமுக்குக் குறையக் கூடாது. அவர் சாப்பிடுவது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். மிச்சத்தின் பெரும்பங்கு அந்த இரவுக் கிண்ணத்திலிருந்துதான் வரவேண்டும்.

ஆகவே எக்செல் அட்டவணை ஒன்று போட்டேன். தொழில் அப்படி. நிரையில் யோகட்டின் பெயர், நிரலில் புரதம், சர்க்கரை, கொழுப்பு, கல்சியம், சேர்மானம், விலை. எல்லாவற்றையும் 175 கிராமுக்கு மாற்றிக்கொண்டேன். இந்த நாட்டில் யோகட் பெட்டிகளில் பொதுவாகக் காட்டும் பரிமாறளவு அதுதான், முக்கால் கோப்பை. ஆனால் தனிக் கோப்பைகளில் 100 கிராமுக்குக் கணக்குக் காட்டியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சின்னக் கோப்பை சீனி குறைந்தது போலத் தெரியும்.

சத்து அட்டவணையை வாசிப்பதில் இரண்டு விஷயங்கள் எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தகுந்தவை. ஒன்று, கனடா அட்டவணையில் சர்க்கரை என்பது மொத்தச் சர்க்கரை. அமெரிக்காவில் போலச் சேர்த்த சர்க்கரைக்குத் தனிவரி இல்லை. ஒன்றுமே சேர்க்காத வெறும் யோகட்டிலும் 8, 10 கிராம் இருக்கும். அது பாலிலேயே உள்ள பாற்சீனி. என் தங்கச்சி எட்மன்டனிலிருந்து தொலைபேசியில் "ஒன்பது கிராம் சீனியை அம்மாவுக்குக் குடுக்கிறியோ?" என்று சண்டைக்கு வந்தது இந்த வரியைப் பார்த்துத்தான். சேர்த்ததா இல்லையா என்பதை அறியச் சேர்மானப் பட்டியலுக்குப் போகவேண்டும். சீனி, தேன், பழச்சாற்றுச் செறிவு, சோளப்பாகு எல்லாவற்றையும் 'சர்க்கரைகள்' என்ற ஒரே தலைப்பின் கீழ் அடைப்புக்குறிக்குள் சேர்த்துப் போடவேண்டும் என்பது இங்கே சட்டம். முன்பு அவற்றைத் தனித்தனியாகச் சிதறவிட்டு, ஒவ்வொன்றும் கொஞ்சம்போலத் தோன்றச் செய்யலாம், இப்போது முடியாது. அந்தத் தலைப்பே இல்லாவிட்டால் அது வெறும் யோகட். வனிலாவும் பழமும் போட்டவற்றில் 20 கிராமுக்கு மேலும் பார்த்தேன்.

இரண்டாவது, வலப்பக்கத்து வீதக் கணக்கு. 5 வீதமும் அதற்குக் கீழும் கொஞ்சம், 15 வீதமும் அதற்கு மேலும் அதிகம் என்பது கனடா சுகாதாரத் திணைக்களத்தின் சூத்திரம். ஆனால் புரதத்துக்கு வீதம் கட்டாயமில்லை. பெரும்பாலும் வெறும் கிராம் மட்டுமே இருக்கும். நான் தேடியது அதைத்தான், ஆகவே கணக்கை நானே போடவேண்டியிருந்தது. 2026 ஜனவரி 1 முதல், நிறைகொழுப்போ சர்க்கரையோ உப்போ மிஞ்சிய பொதி உணவுகளின் முகப்பில் பூதக்கண்ணாடிப் படமும் வரவேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனாலும் யோகட்டில் கதை பெட்டியின் பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

அட்டவணையில் வென்றவர்கள் யாரென்பது வியப்பல்ல. கொழுப்பில்லாத கிரேக்க யோகட்டிலும் ஸ்கைரிலும் 17, 18 கிராம் புரதம். சாதாரண 2 வீத யோகட்டில் 8 சொச்சம். பால்கன் பாணி 6 வீதத்தில் 7 சொச்சம். காரணம் எளிது: யோகட்டைத் துணியிலோ இயந்திரத்திலோ இட்டு நீரை வடித்துவிடுகிறார்கள். நீரோடு பாற்சீனியில் ஒரு பங்கும் போகிறது, ஆகவே சர்க்கரையும் 6, 7 கிராமுக்கு இறங்கிவிடும். நீரிழிவுக்கும் தசைக்கும் ஒரே மருந்து போலத் தோன்றும். 'கிரேக்கப் பாணி' என்று பாணி சேர்த்துப் போட்டிருப்பவற்றில் மட்டும் கவனம் வேண்டும். வடிக்காமல், பாற்புரதத் தூளோ மாப்பொருளோ ஜெலட்டினோ போட்டு இறுக்கியவையும் அதற்குள் உண்டு.

ஜெலட்டின் எங்கள் வீட்டில் சின்ன விஷயமல்ல. மாட்டினதோ பன்றியினதோ தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. எதனுடையது என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. கந்தசஷ்டிக்குப் பால் பழத்தோடு இருக்கிறோம் என்று சொல்லி அந்தப் பழ யோகட்டை ஆறு நாளும் சாப்பிட்டவர்களை எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சொல்லி என்ன பிரயோசனம், விரதம் முடிந்துவிட்டது. அம்மாவுக்கு வாங்கும்போது மட்டும் அந்த ஒரு சொல் இருந்தால் பெட்டியைத் திருப்பி வைத்துவிடுவேன்.

பிறகு பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ருசிப் பரீட்சை வைத்தோம். மகன் ஆறு எவர்சில்வர் கிண்ணங்களில் இலக்கமிட்டு ஊற்றினான். அம்மா கரண்டியால் நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பாரென்று எதிர்பார்த்தோம். அவர் சோறு கேட்டார். சோறில்லாமல் தயிரை எப்படிச் சொல்கிறது என்றார். ஆறு கிண்ணத்துக்கும் ஒவ்வொரு பிடி சோறும் உப்பும் போட்டு, மோர் மிளகாய் பொரித்து வைத்தபிறகுதான் கையை நனைத்தார். கைவிரலால் பிசைந்து பார்த்தார். உணவு விஞ்ஞானிகள் இதற்கென்று கருவி வைத்திருப்பார்கள். ஆனால் தயிரைக் கைவிரலால் பிசைந்து சமைத்த பெண்ணையும், அதைச் சாப்பிட்டுத் தீர்ப்புச் சொன்ன கணவனையும் குறுந்தொகையின் 167ஆம் பாட்டிலேயே கூடலூர் கிழார் பதிந்து வைத்திருக்கிறார்.

முதலாவது, அட்டவணையில் முதலிடம் பெற்ற கிரேக்கம். பிசைந்தார். சோறு திரண்டு உருண்டையாகி விரலில் ஒட்டியது.

"தம்பி, உது சுண்ணாம்பு மாதிரிக் கிடக்கு. வெத்திலைக்குப் பூசலாம்."

வேடிக்கை என்னவென்றால், என் அட்டவணையில் சுண்ணாம்புச் சத்து ஆகக் குறைந்திருந்ததும் அதில்தான். வடித்த நீரோடு கல்சியத்திலும் ஒரு பங்கு போய்விடுகிறது. எலும்புக்காக யோகட் தேடுபவருக்குச் சாதாரண 2 வீதமே மேல்.

மகன் விடவில்லை. உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போகிற வயது. "அப்பம்மா, உதில புரோட்டீன் பதினெட்டு!"

"அப்ப நீ சாப்பிடு. வளர்ற பிள்ளை."

இரண்டாவது, மாப்பொருள் சேர்த்த கொழுப்புக் குறைந்தது. "ஆரோ மாக்கரைச்சு விட்டிருக்கினம். காய்ச்சல்காரருக்குக் குடுக்கிற கஞ்சி." மூன்றாவது ஸ்கைர், தலையை ஆட்டினார், ஒன்றும் சொல்லவில்லை, கிண்ணத்தைத் தள்ளினார். நான்காவது தஹி, மோருக்கு நல்லதாம். ஐந்தாவதாக மகன் குறும்புக்கு வைத்த வனிலா. "உது யோகட். சோத்துக்கு ஏன் கொண்டு வாறியள்? பேந்து தாங்கோ, சாப்பிட்டு முடிய." நாற்பது வருடம் முந்திய 80 கிராம் கோப்பையை அந்த நாக்கு மறக்கவில்லை. ஆறாவது பால்கன் பாணி, 6 வீதம். பிசைந்தார். இன்னொரு பிடி சோறு கேட்டார். மோர் மிளகாயை நொறுக்கிப் போட்டார். கிண்ணம் வெறுமையாகியது.

"இது தயிர். புளிப்புத்தான் காணாது."

ஏன் அது மட்டும் தயிர் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பால்கன் பாணி என்று கனடாவில் சொல்வது, விற்கும் பெட்டிக்குள்ளேயே உறைய விட்டதை. மற்றவற்றைப் பெரும் தொட்டியில் உறையவைத்துக் கலக்கிப் பிறகு பெட்டியில் அடைப்பார்கள். கலக்கியது கூழ், கலக்காதது கட்டி. கரண்டியை வைத்தால் வெட்டு விழவேண்டும், வெட்டிய பள்ளத்தில் கொஞ்சம் நீர் ஊறவேண்டும். அம்மாவின் நாக்கு தேடுவது அந்த வெட்டை. கூடவே கொழுப்பு. எருமைப்பாலில் 7, 8 வீதம் கொழுப்பு. இன்னொன்றும் உண்டு: மண்சட்டியின் சுவர் நீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரேக்கத்தில் துணி செய்கிற வேலையை எங்களூரில் சட்டி மெல்லமாகச் செய்திருக்கிறது, அதுவும் கட்டியைக் குலைக்காமல். (அந்தத் தயிருக்குரிய மாடுகள் மேயும் தரைதான் இப்போது சிக்கலில் இருக்கிறது. மட்டக்களப்பு மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் தொடங்கிய போராட்டத்தைப் பற்றி எங்கள் ரொறன்ரோ ஒன்றுகூடல்களில் பேசியதைவிட, கித்துள் பாணி எந்தக் கடையில் மலிவு என்று பேசியது அதிகம்.)

ஆனால் 6 வீதத்துக்கு விலையுண்டு. 175 கிராமில் பத்துக்கு மேல் கிராம் கொழுப்பு. அதில் நிறைகொழுப்பு மட்டும் நாளளவின் மூன்றிலொரு பங்கு. அம்மா கொலஸ்ட்ரோல் மாத்திரையும் எடுக்கிறார். புரதமோ கிரேக்கத்தின் பாதிகூட இல்லை. நாக்கு சொல்வதும் அட்டவணை சொல்வதும் இரண்டு திசை. என் மனைவி நறுக்கென்று சொன்னார்: "மாமி சாப்பிடாத பதினெட்டுக் கிராமில எத்தனை கிராம் அவவுக்குப் போகும்?" பூச்சியம். எக்செல்லில் அதற்கு ஒரு நிரல் இருக்கவில்லை.

யோகட்டை மருந்தாக விற்பது புதிய வழக்கமல்ல. பல்கேரியக் கிராமத்தார் நெடுநாள் வாழ்வதற்குப் புளித்த பால்தான் காரணம் என்று பாரிஸ் பஸ்தர் நிலையத்து எலி மெச்னிக்கோவ் சொன்னார். 1908இல் நோபல் பரிசு பெற்றவர், ஆனால் அது நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய வேறு ஆய்வுக்காக. 1919இல் பார்சலோனாவில் ஐசாக் கராசோ தொடங்கிய டனோன் தன் யோகட்டை முதலில் விற்றது மருந்துக்கடைகளில். நூறு வருடம் கழித்து, 2024 மார்ச்சில், அதே டனோனின் வட அமெரிக்கப் பிரிவு கேட்டுக்கொண்டதன்பேரில், வாரம் இரண்டு கோப்பை யோகட் இரண்டாம் வகை நீரிழிவின் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று பெட்டியில் எழுத அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இடம் கொடுத்தது. ஆதாரம் மட்டுப்பட்டது என்ற வாசகத்தையும் சேர்த்தே எழுதவேண்டும். ஏற்கெனவே நீரிழிவு வந்தவருக்கு அந்த வாசகத்தில் ஒன்றுமில்லை. அந்த அனுமதி இனிப்பு யோகட்டை ஒதுக்கி வைக்கவும் இல்லை.

நீரிழிவில் எங்கள் ஆட்கள் தயிரைக் குறுக்கு விசாரணை செய்கிற அளவுக்குச் சோற்றைச் செய்வதில்லை. ஒரு கோப்பைச் சோற்றில் ஏறக்குறைய 45 கிராம் மாச்சத்து. அதற்குமேல் ஊற்றுகிற தயிரில் 9 கிராமா 6 கிராமா என்று எட்மன்டனுக்கும் பிக்கரிங்குக்கும் இடையே வாக்குவாதம். இரவுச் சோற்றை ஒரு கோப்பையிலிருந்து அரைக் கோப்பைக்கு இறக்கி, தயிரைக் கூட்டினோம். விரல்நுனி இரத்தத்தில் தெரிந்த மாற்றம் யோகட் வகையை மாற்றியதில் வரவில்லை, இதில்தான் வந்தது.

இன்னொரு வீட்டில் என் அட்டவணை தலைகீழாகும். ஏஜாக்ஸில் இருக்கும் நண்பர் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுது. ஆனால் இரத்தச் சுத்திகரிப்பு இன்னும் தொடங்கவில்லை. அவருக்குப் புரதம் கூடக் கூடாது, பொஸ்பரஸ் கூடக் கூடாது. நான் பச்சை நிறம் அடித்த கிரேக்கம் அவருக்குச் சிவப்பு. பொட்டாசியத்தைக் கனடா அட்டவணையில் கட்டாயம் காட்டவேண்டும், பொஸ்பரஸைக் காட்டவேண்டியதில்லை. அவர் பார்க்கவேண்டிய வரி பெட்டியில் இல்லை. அட்டவணையை அனுப்பு என்று கேட்டார். அனுப்பவில்லை, அவருடைய உணவு ஆலோசகரிடம் கேட்கச் சொன்னேன்.

கடைசியில் எங்கள் வீட்டுத் தயிர் கடையிலிருந்து வரவில்லை. ஒன்ராறியோவில் பால் 4 லீற்றர் பையில் வரும், உள்ளே 1.33 லீற்றர் பைகள் மூன்று. 2 வீதப் பாலில் ஒரு பையை எடுத்து, லீற்றருக்கு 50 கிராம் கணக்கில் கொழுப்பகற்றிய பால்மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, 85 பாகை வரை காய்ச்சுகிறேன். அந்தச் சூட்டில் பாலின் மோர்ப்புரதம் தன் உருக்குலைந்து மற்றப் புரதத்தோடு பிணைகிறது. தயிர் கட்டியாவதும் நீர் விடாமலிருப்பதும் அதனால்தான். ஊரில் அம்மா பாலைப் பொங்கவிட்டு இறக்கியது இதே காரியம், வெப்பமானி இல்லாமல். 43 பாகைக்கு ஆறியதும் பால்கன் யோகட்டில் இரண்டு கரண்டி உறை. வெளியே மறை பதினைந்து பாகை. உள்ளே கண்ணாடிப் பாத்திரத்தைத் துவாயால் சுற்றி, அடுப்பைப் போடாமல், அதன் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு இரவு முழுக்க விட்டுவிடுவேன். காலையில் கட்டி. அதில் அம்மாவின் பங்கை வெள்ளைத் துணி விரித்த வடியில் கலக்காமல் கவிழ்த்து ஒரு மணித்தியாலம் வைத்தால் கால்பங்கு நீர் இறங்கும். அந்த நீரில் ரொட்டிக்கு மாக் குழைப்போம்.

கணக்குப்படி அது 175 கிராமுக்குப் புரதம் 10, 11 கிராம். பால்மாவோடு பாற்சீனியும் கூடித்தான் இருக்கிறது, ஆனால் அரைக் கோப்பைச் சோறு குறைந்த இடத்தில் அதற்கு இடமுண்டு. நிறைகொழுப்பு பால்கனில் பாதிக்கும் குறைவு. கிரேக்கத்தின் பதினெட்டை எட்டாது. அட்டவணையில் அது நான்காவது இடத்தில் நிற்கிறது. மகனின் கிரேக்கப் பெட்டியும், மகளின் வனிலாவும் அதே குளிர்பெட்டியில் மேல்தட்டில் இருக்கின்றன. வனிலா சில நாட்களில் நாங்கள் எதிர்பார்ப்பதைவிட வேகமாகக் குறைகிறது, யாரென்று நாங்கள் விசாரிப்பதில்லை.

மே மாதம் நிறுத்தபோது 49.3 கிலோ. ஒரு கையை மட்டும் ஊன்றித் தராசிலிருந்து இறங்கினார். அன்றிரவு கிண்ணத்தை வழித்து முடித்துவிட்டு விரலைச் சூப்பிப் பார்த்தார்.

"இறுக்கம் இண்டைக்குச் சரி. நாளைக்கு வெளியில ரெண்டு மணித்தியாலம் கூட வை தம்பி. இன்னும் கொஞ்சம் புளிக்கட்டும்."